பேக்கப் சாருக்கு நாலு நாள் லீவு

'ஒரு ஃபைல் இல்லை' என்றது மெஷின். எந்த ஃபைல் என்று சொன்னது. அது எங்கே கிடைக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

பேக்கப் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்போதும் இல்லை என்றுதான் இருந்தது. மணி பத்தேகால். மாலை ஏழு மணிக்கு ரயில். அதற்குள் ஒரு மென்பொருளை மூலநிரலிலிருந்து கட்டி, இரண்டு மெஷின்களில் நிறுவி, நாலு மணிக்கு டாக்டர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் நாலு நாள் லீவு. ஓடாவிட்டால் மனைவியும் மகளும் கடலைப் பார்ப்பார்கள், அவர் வழக்கம்போல மெஷினைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அது ஒரு பல் ஆஸ்பத்திரி. மேலே ஐந்து நாற்காலிகளில் ஐந்து வாய்கள் எப்போதும் திறந்தபடி இருக்கும். கீழே, மாடிப்படிக்கு அடியில் உள்ள அறையில், அந்த வாய்களுக்கெல்லாம் சொந்தக்காரர்களின் பெயர், போன் நம்பர், எக்ஸ்ரே, அடுத்து எப்போது வர வேண்டும் என்கிற விவரம், எல்லாம் பேக்கப் சாரின் பொறுப்பில் இருந்தன. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் ஆஸ்பத்திரியில் யாரைப் பார்த்தாலும் "பேக்கப் எடுத்தாச்சா?" என்று கேட்டுக் கேட்டு அந்தப் பெயரைத் தானே அழித்துக்கொண்டார்.

அறையில் இரண்டு மெஷின்கள். பெரியதில் எதை எழுதினாலும் அடுத்த நொடி சின்னதிலும் எழுதப்பட்டுவிடும். பெரியது ஒரு நாள் படுத்துக்கொண்டால் சின்னது வேலையை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சின்னது தானாக எடுத்துக்கொள்ளாது. "இனிமேல் நீதான் தலைவர்" என்று யாராவது அதற்குச் சொல்ல வேண்டும். மூன்று வருஷமாக அந்த யாராவது பேக்கப் சார்தான். அதனால் மூன்று வருஷமாக அவருக்கு லீவு கிடையாது. மச்சினன் கல்யாண ஆல்பத்தில் அவர் ஒரே ஒரு படத்தில் இருக்கிறார். அதிலும் முதுகுதான் தெரிகிறது, காதில் போன்.

இப்போது நிறுவப் பார்ப்பது, அந்த யாராவதுக்குப் பதிலாக உட்கார ஒரு கருவி. இரண்டு மெஷின்களையும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்து, பெரியது விழுந்தால் சின்னதைத் தானே தலைவராக்கிவிடும். "நீங்க இல்லாம அது தானா மாறணும். அதை என் கண்ணால பாத்துட்டா லீவுக்குக் கையெழுத்து போடறேன்" என்று சொல்லியிருந்தார் தலைமை டாக்டர்.

கருவி ரெடிமேடாகவும் கிடைக்கும். ஆனால் ஆஸ்பத்திரி மெஷின்களுக்கு வயதாகிவிட்டதால் ரெடிமேட் எதுவும் அளவு சேரவில்லை. துணியாக வாங்கி வந்து இங்கேயே தைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தைக்க உட்கார்ந்தால் நூல் இல்லை என்றது. நூலைக் கொண்டுவந்தால் ஊசி இல்லை என்றது. ஊசியை இறக்கினால், இந்த ஊசிக்கு இன்னொரு ஊசி வேண்டும் என்றது. ஒரு சர்டிஃபிகேட் வாங்கப் போன ஆபீஸில் அதற்கு இன்னொரு சர்டிஃபிகேட் கேட்பார்களே, அதே கதை. பதினொன்றரைக்கு எல்லாம் சேர்ந்து, திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓட ஆரம்பித்தபோது போன் அடித்தது.

"என்னங்க, நீல டவல் எடுத்து வைக்கவா, மஞ்சளா?" என்றாள் மனைவி.

"ரெண்டையும் வை. ஒண்ணு பேக்கப்."

"உங்க சட்டை?"

"ரெண்டு."

"நீங்க வருவீங்கதானே?"

"வருவேன்மா. பாதி முடிஞ்சாச்சு."

"போன தடவையும் பாதி முடிஞ்சாச்சுன்னுதான் சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

திரும்பிப் பார்த்தால் எழுத்துகள் ஓடவில்லை. கருவி தயாராகிவிட்டது. ஆனால் சின்ன மெஷினில் புதிதாகப் பிரதி எடுக்க இடம் போதவில்லையாம். அதில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது, அவர் தினமும் ராத்திரி எடுத்து வைக்கும் பேக்கப். கடைசி இரண்டு வாரத்துடையது.

யோசித்துப் பார்த்தால், உயிருள்ள பிரதி ஒன்று நொடிக்கு நொடி கூடவே இருக்கப் போகிறபோது பழைய பேக்கப் எதற்கு? ரயில் ஏழு மணிக்கு. பேக்கப் சார் வாழ்க்கையில் முதல் தடவையாக பேக்கப்பை அழித்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. கருவியிடம் பெரியதைப் பதிவு செய்தார். பிரதி எடுத்தார். சின்னதைப் பதிவு செய்தார். பிரதி ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க ஒரு சின்ன சோதனை வைத்தார். தான் இல்லாத நாளில்தானே வம்பு வரும் என்று, நாளையிலிருந்து நாலு நாளுக்கு நாலு பொய் நோயாளிகளைப் பெரியதில் சேர்த்தார். அடுத்த நொடி சின்னதில் நாலு பேரும் வந்து நின்றார்கள். பிறகு, அந்த நாலு நாளில் இருப்பதை அழி என்று பெரியதில் ஒரு வரி எழுதினார். சின்னதில் எண்ணிப் பார்த்தார். சைபர். பெரியதில் எண்ணினார். அங்கும் சைபர். கச்சிதம்.

மணி ஒன்று. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாய் பாதி வழியில் நின்றது.

பொய் நோயாளிகள் போய்விட்டார்கள், சரி. நிஜ நோயாளிகள் எங்கே?

டப்பாவை அப்படியே வைத்துவிட்டு ஓடிப் பார்த்தார். நேற்று வரை எல்லாம் இருந்தது. இன்றைக்கும் இருந்தது. ஐந்தாம் நாளில் உட்கார இடமில்லாத கூட்டம். நடுவில் நாலு நாள் மட்டும், நாலு பல் சேர்ந்தாற்போல் விழுந்த வாய் மாதிரி, வெறும் பொக்கை. அவர் எழுதிய வரியில் பொய்யை மட்டும் அழி என்று இல்லை. இருப்பதையெல்லாம் அழி என்று இருந்தது. பெரியது அழித்தது. சின்னது, கொஞ்சமும் யோசிக்காமல், அடுத்த நொடியே தானும் அழித்துவிட்டது.

உண்மையைச் சொன்னால், பேக்கப் சார் இந்த மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. பெட்டி பத்திரமா, பூட்டு சரியா என்பதுதான் அவர் கவலை. பெட்டிக்குள் யாருடைய கடைவாய்ப் பல் இருக்கிறது என்பதெல்லாம் மாடியில் இருப்பவர்கள் பாடு. அதனால் காலையில் அந்த நாலு நாளில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

டாக்டரிடம் சொல்லலாம். சொன்னால் லீவு போச்சு. மகள், கடலில் மிதக்கக் காற்றடைக்கும் வளையத்தை வாரக்கணக்கில் கட்டில் மேலேயே வைத்துக்கொண்டு தூங்குகிறாள். சொல்லாமல் சரிசெய்வது என்று முடிவு செய்தார்.

முதலில் மாடிக்குப் போய், ரிசப்ஷன் பெண்ணுக்கு விஷயம் தெரியுமா என்று ஆழம் பார்த்தார்.

"என்னம்மா, நாளைக்குக் கூட்டம் எப்படி?" என்றார், ஏதோ மழை வருமா என்று கேட்பதுபோல.

"நாளைக்கா சார்? நாளைக்கு ஒரு ஈ காக்கா..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இல்ல சார், வழக்கம்போலதான். நீங்க ஏன் சார் அதையெல்லாம் கேக்கறீங்க?"

பேக்கப் சார் சுற்றுமுற்றும் பார்த்தார். இவள் திரையைப் பார்த்துவிட்டாள். காலியாக இருப்பதும் தெரிந்துவிட்டது.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"எதை சார்?"

"எதையும்."

"ஐயோ, நான் வாயே திறக்கல சார். சத்தியமா. நீங்க நிம்மதியா ஊருக்குக் கிளம்புங்க."

என்ன நல்ல பெண்! தன் தப்பை அவள் மூடி மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட இவளிடம் பேக்கப்பைத் தவிர வேறு எதுவும் பேசவில்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டே கீழே இறங்கினார்.

இப்போது தேவை ஒரு பேக்கப். அதைத்தான் காலையில் அழித்தாயிற்று. மேஜை டிராயரைக் குடைந்ததில், இருபத்தைந்து நாளுக்கு முன் தனியாக எடுத்து வைத்த ஒரு டிஸ்க் கிடைத்தது. சொருகிப் பார்த்தார். அந்த நாலு நாளுக்கும் சேர்த்து முப்பத்தெட்டு பேர். பெயர், போன் நம்பர், எந்தப் பல் என்பது உட்பட.

"அப்பாடா" என்றார் சத்தமாக.

முப்பத்தெட்டு பேரையும் ஒரே மூச்சில் பெரியதில் ஏற்றினார். சின்னது உடனே அவர்களையும் வாங்கிக்கொண்டது. சந்தோஷம் சரியாக நாலு நிமிஷம் நீடித்தது. புதிதாக யாரைச் சேர்த்தாலும் அவர்களுக்குத் தானாகவே செய்தி அனுப்ப வேண்டும் என்று இரண்டு வருஷத்துக்கு முன் ஏற்பாடு செய்தவர் வேறு யாருமில்லை, அவரேதான். முப்பத்தெட்டு போன்களுக்கும் செய்தி போய்விட்டது. மாடியில் ரிசப்ஷன் போன் அடிக்கத் தொடங்கியது.

போன் லைனும் அவர் பொறுப்புதான். இன்டர்காமில் ரிசப்ஷனைக் கூப்பிட்டார்.

"லைன்ல ஒரு சின்ன டெஸ்ட்மா. ஒரு மணி நேரம் எல்லாக் காலும் இங்க வரும். நீ போய் டீ குடிச்சுட்டு வா."

"ஒரு மணி நேரமா சார்? ரொம்ப தேங்க்ஸ்!"

ரிசீவரை வைத்ததுமே அடித்தது. எடுத்தார். குரலைக் கொஞ்சம் மெலிதாக்கி, "பல் ஆஸ்பத்திரி, வணக்கம்" என்றார்.

"யாரு பேசறது? அந்தப் பொண்ணு இல்லையா?" ஒரு பெரியவரின் குரல்.

"அவங்களுக்குத் தொண்டை கட்டியிருக்குங்க."

"சரி. எனக்கு நாளைக்கு வரச் சொல்லி மெசேஜ் வந்திருக்கு. ஆனா அடுத்த வாரத்துக்கு மாத்திட்டோம்னு அந்தப் பொண்ணே போன் பண்ணிச் சொல்லிச்சே? அந்த தைரியத்துலதான் இப்ப ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு இருக்கேன்."

பேக்கப் சாருக்குப் புரிந்துவிட்டது. பாவம் அந்தப் பெண், ஓட்டையைப் பார்த்ததும் பதறிப்போய், ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அடுத்த வாரத்துக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறாள்.

"அது தப்பா சொல்லிட்டாங்க ஐயா. நீங்க நாளைக்கே வாங்க."

"நிச்சயமாவா? பஸ் பிடிச்சு வரணும் நான்."

"நிச்சயமா வாங்க. நான் பொறுப்பு."

இப்படி இருபத்தாறு பேருக்கு அவர் பொறுப்பேற்றார். ஒரு அம்மாள் ஆபீஸில் பர்மிஷன் போட்டுவிட்டு வருவதாகச் சொன்னாள். ஒருவர் அடுத்த வாரம்தான் வருவேன் என்று அடம் பிடித்தார். அவரை விடவில்லை. "பல்லு விஷயத்துல ஒத்திப்போடக் கூடாது சார்" என்று மிரட்டி வழிக்குக் கொண்டுவந்தார்.

நாலு மணிக்கு டாக்டர் வந்தார். வெள்ளைக் கோட்டும் கழுத்தில் தொங்கும் மாஸ்க்குமாக, நோயாளியின் பல்லைப் பார்ப்பதுபோலவே குனிந்து மெஷினைப் பார்த்தார்.

"எதைப் பிடுங்கணும்?" என்றார். அவருக்குப் பிடுங்குவதில் எப்போதும் ஓர் ஆர்வம் உண்டு.

"இந்த வயர் டாக்டர்."

டாக்டர் ஒரே இழுப்பில் பிடுங்கினார். பெரியது மூச்சை நிறுத்தியது. பேக்கப் சாருக்கும் மூச்சு நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். இருபதில் திரையில் ஒரு வரி வந்தது. சின்னது தலைவராகிவிட்டது. மாடியில் ஐந்து நாற்காலிகளிலும் வேலை நிற்கவில்லை. பிடுங்கியது யாருக்கும் தெரியக்கூட இல்லை.

"அடேயப்பா! வலிக்காம எடுத்துட்டோம்" என்றார் டாக்டர். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து லீவு பேப்பரில் கையெழுத்துப் போட்டார். "நீங்க இனிமே கவலையே படாதீங்க. நாலு நாளும் இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதீங்க. இங்க ஒண்ணும் நடக்காது."

"சரி டாக்டர்."

"போனைக்கூட எடுக்காதீங்க. என்ன?"

"சரி டாக்டர்."

டாக்டர் போன பிறகுதான் பார்த்தார். புதிதாகத் தலைமை ஏற்ற சின்னது, முப்பத்தெட்டு பேருக்கும் தான் இன்னும் செய்தி அனுப்பவில்லை என்று நினைத்து, தன் பங்குக்கு ஒரு தடவை அனுப்பியிருந்தது. வராமல் இருந்துவிடலாம் என்று இருந்தவர்கள்கூட இனி வந்தே தீருவார்கள்.

கையெழுத்துப் போட்ட பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். போகலாம். கதவைப் பூட்டிக்கொண்டு இப்போதே கிளம்பினால் ஸ்டேஷனுக்கு அரைமணி. ஆனால் மனசு கேட்கவில்லை. அந்த டிஸ்க் இருபத்தைந்து நாள் பழசு. அதற்குப் பிறகு பதிந்தவர்கள் எத்தனை பேரோ! அவர்கள் நாளைக்குக் காலையில் வீங்கிய கன்னத்தோடு வந்து நிற்பார்கள், லிஸ்டில் பெயர் இருக்காது. அந்தப் பெண் ஒருத்தியாக நின்று எல்லாரிடமும் திட்டு வாங்குவாள். தப்பு தன்னுடையது. அனுபவிப்பது அவளா? பேக்கப் சார் அசடுதான், பயந்தாங்கொள்ளியும்கூட. ஆனால் அந்த அளவுக்கு மோசமானவர் இல்லை.

லீவு பேப்பரை நாலாக மடித்தார். நாலை எட்டாக்கினார். பிறகு கிழித்தார். மனைவிக்குப் போன் போட்டார்.

"நாங்க ஸ்டேஷன்ல இருக்கோம்" என்றாள் மனைவி எடுத்தவுடன். பின்னால் மகளின் குரல் எதையோ பாடிக்கொண்டிருந்தது. "எங்க இருக்கீங்க?"

"இங்கதான்மா. இங்க ஒரு சின்ன சிக்கல். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வந்துடுங்களேன்."

அவள் கத்தியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நாலு மணிக்குக் காட்டினா லீவுன்னீங்க. ஓடலையா?"

"ஓடிச்சு. டாக்டர் கையெழுத்தே போட்டுட்டாரு."

"அப்புறம் என்னங்க?"

"நான் இல்லன்னா நாளைக்கு இங்க எல்லாம் கெட்டுடும்மா."

"அந்த மெஷினுக்குத் துணையா இன்னொரு மெஷினை வெச்சீங்க" என்றாள் மனைவி. குரல் உயரவில்லை. "ரெண்டுக்கும் துணையா இன்னிக்கு ஒண்ணு வெச்சீங்க. எங்களுக்கு யாருங்க?"

போன் கை மாறியது.

"அப்பா, வளையத்துல நீங்கதான் காத்து ஊதணும். அம்மாவுக்கு மூச்சு வாங்குது" என்றாள் மகள். "நாங்க ஏழு மணி வரைக்கும் நிப்போம்."

வைத்துவிட்டாள். பேக்கப் சார் கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைக்க வேண்டியது கண்ணாடியை அல்ல. இவ்வளவு பாடுபட்டு ஒரு கருவியைக் கட்டி நிறுத்தியும், கடைசியில் தன்னைத்தான் இங்கே கட்டிப்போட்டுக்கொண்டோம் என்று நினைக்க அழுகையாக வந்தது.

மணி ஐந்தே முக்கால். கதவு தட்டாமலே திறந்தது. முதலில் ஓர் ஏணி நுழைந்தது. அப்புறம் இரண்டு வாளி. அதற்குப் பின்னால், சட்டையெல்லாம் கலர் தெறித்த பெயின்டர் ஒருவர்.

"சார், கொஞ்சம் எந்திரிங்க. இந்த டப்பாவுக்கெல்லாம் பிளாஸ்டிக் போட்டு மூடணும். நாளைக்குக் காலையில இந்த ரூம்லேர்ந்துதான் ஆரம்பிக்கறோம்."

"நாளைக்கா? நல்லா இருக்கே!" பேக்கப் சாருக்கு அன்றைய கோபமெல்லாம் திரண்டு வந்தது. "பெயின்ட் அடிக்க வேற நாளே கிடைக்கலையா உங்களுக்கு? நாளையிலேர்ந்து நாலு நாளைக்கு முப்பத்தெட்டு பேஷன்ட் வர்றாங்க இங்க. நானே ஒவ்வொருத்தரா பேசி வரச் சொல்லியிருக்கேன். தூக்குங்க ஏணியை!"

பெயின்டர் ஏணியைத் தூக்கவில்லை. வாளிகளைக் கீழே வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"சார் இந்த ஆஸ்பத்திரிக்குப் புதுசா?"

"ஏன்?"

பெயின்டர் வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப உங்களுக்குத் தெரியாது போல. இங்க கம்ப்யூட்டர் பாக்கறவரு ஒருத்தர் மூணு வருஷத்துல முதல் தடவையா நாளைக்கு லீவுல போறாராம் சார், என்ன மெஷின் வெச்சாலும் அவரு இல்லாம ஆஸ்பத்திரியைத் திறக்கற தைரியம் டாக்டருக்கு இல்லையாம், அவருக்குத் தெரிஞ்சா லீவே வேணாம்னுடுவாருன்னு அவருகிட்ட மட்டும் மூச்சு விடாம, பேஷன்டையெல்லாம் அடுத்த வாரத்துக்கு மாத்திட்டு, நாலு நாளும் ஆஸ்பத்திரியையே மூடி எங்களை வரச் சொல்லியிருக்காரு."